இணைப்புவினையும் இருப்பு என்னும் வினாவும்

ஆங்கிலத்தின் இயல்பான வாக்கியத்தில் பெயரடை தனித்து நின்று பயனிலையாவதில்லை. 'காட் குட்' என்று நிறுத்தினால் கருத்து முற்றுப்பெறாது என்பதால், எழுவாயையும் பெயரடையையும் பிணைக்கும் இணைப்புவினையாக 'இஸ்' இடையில் வந்து, 'காட் இஸ் குட்', அதாவது 'கடவுள் நல்லவர்' என்னும் தொடர் அமைகிறது. இதே சொல், பெயரடை எதுவும் பின்தொடராமல் 'காட் இஸ்' என்று நிற்கும்போது, 'கடவுள் உண்டு' என இருப்பை உணர்த்துவதால், நன்மையைப் போலவே இருப்பும் ஒரு பண்புதானோ என்னும் மயக்கம் பிறக்கிறது.

இவ்விரட்டைப் பயன்பாடு இலத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் பொதுவானது. 11ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய ஆன்செல்ம், தனக்கு மேலானதொன்றை எண்ண இயலாத பொருளே கடவுள் என வரையறுத்து, எண்ணத்தில் மட்டும் இருப்பதைவிட மெய்யாகவும் இருப்பது மேலானது ஆகலின் கடவுள் இருந்தே தீர வேண்டும் என வாதிட்டார். 1781இல் வெளிவந்த 'தூய அறிவின் விமரிசனம்' என்னும் ஜெர்மன் நூலில் இவ்வகை வாதத்தை மறுத்த இம்மானுவேல் கான்ட், மனத்தில் எண்ணிய நூறு தாலர் நாணயங்களும் பையிலுள்ள நூறு தாலர்களும் செல்வநிலையில் வேறுபட்டாலும் கருத்தளவில் ஒன்றே எனக் காட்டி, இருப்பு என்பது கருத்தோடு கூட்டத்தக்க பண்பன்று என்றார்.

தமிழிலோ 'கடவுள் நல்லவர்' என்பது வினையின்றியே நிறைவுற, இருப்பைக் கூற 'உண்டு' எனத் தனிச்சொல் வேண்டப்படுகிறது. இவ்வேறுபாடு மயக்கத்தின் ஒரு வாயிலை அடைக்கிறதேயன்றி, கடவுள் உண்டா என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை. இலக்கணம் வினாவைத் தெளிவாக்கலாம், தீர்ப்பை வழங்க இயலாது.