முழுநாளுக்கு முழுச் சம்பளம்

கொழும்பு ஹெவ்லொக் டவுன் தொடர்மாடிகளில் விடியுமுன்பே குசினி விளக்கு எரிகிறது. பல வீடுகளில் அந்த நேரத்தில் தேநீர் ஊற்றுவது மலையகத்துப் பிள்ளை. தாய் அங்கே பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ கொழுந்து பறிக்கிறார். அந்தத் தாயின் சம்பளச் சிட்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500 மட்டுமே. வருகை ஊக்குவிப்பு 60, உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதத்துக்குக் குறைவாகப் போனால் அந்த 60 கிடைக்காமல் போனது. பிள்ளைக்குக் காய்ச்சலென்று பல நாள் ஆஸ்பத்திரியில் நின்ற தாய்க்கு அது எத்தனை பெரிய இழப்பு! தராசில் கொழுந்து குறைந்தால் 140-உம் போனது. வறட்சியில் செடி துளிர்க்காதது அவர் குற்றமா?

இன்னொன்றும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் தோட்ட நிர்வாகம் அப்போது செலுத்திய 15 சதவீதம் அந்த 500-க்குத்தான், அதாவது 75 ரூபாய். 730-க்குக் கணக்கிட்டிருந்தால் 109 ரூபாய் 50 சதம். நாள்தோறும் விட்டுப்போன இந்தக் காசு, உழைத்து ஓய்ந்த வயதில்தான் உறைக்கும்.

நன்றாக உழைப்பவரை ஊக்குவிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கான பணத்தையே பிரித்தெடுத்து அதற்கு ஊக்குவிப்பு என்று பெயர் வைத்தால், அது நோயாளிக்கும் தாய்க்கும் போடுகிற தண்டம்.

2018 ஒக்டோபர் 24 அன்று காலிமுகத்திடலில் கறுப்புடையோடு திரண்ட இளைஞர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். அவர்கள் கேட்டது அடிப்படைச் சம்பளமாக ஆயிரம் ரூபாய். 2019 ஜனவரியில் அந்த இரண்டு ஊக்குவிப்புகளும் நீங்கி அடிப்படை 700 ஆனது. விலைப்பங்கோடு சேர்த்தும் மொத்தம் 750 தான், கோபம் நியாயமானது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாய் சம்பளமும், அதற்கு மேல் அரசின் வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. வருகை ஊக்குவிப்பு திரும்பி வந்தாலும் இம்முறை அடிப்படை பெரிது.

வீட்டிலும் கடையிலும் ஆள் வைத்திருக்கும் நேயர்களே, பேசிய சம்பளத்தை முதலில் முழுதாகக் கொடுங்கள். கடைக்காரர்கள் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டுங்கள். தீபாவளிச் சாறியும் போனசும் அதற்கு மேல் வரட்டும்.