கட்டுகிறான், காண்கிறான்

பழங்கிரேக்கம் பயிலப் புகுவார்க்குப் பெரும்பாலும் முதற்கண் கற்பிக்கப்பெறுவது 'லூஓ' என்னும் நிகழ்கால வினையாகும். 'அவிழ்க்கிறேன்' என்பது அதன் பொருள். லூஓ, லூஏய்ஸ், லூஏய் என ஒருமையும், லூஒமென், லூஎதெ, லூஊசி எனப் பன்மையும் அமையும். 'நான்', 'நீ' என எழுவாயைத் தனியே கூற வேண்டுவதில்லை. விகுதியே இடத்தையும் எண்ணையும் காட்டிவிடும். 'அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய்' எனப் பழகிய தமிழ் நாவுக்கு இஃது அயல்முறையன்று. ஆங்கிலவழிக் கற்போர் இவ்விடத்தில் இடர்ப்படுவதை நோக்க, நமக்குச் சிறிது பெருமிதமும் தோன்றத்தான் செய்கிறது. ஆயின் 'லூஏய்' என்றால் அவிழ்ப்பவர் ஆணோ பெண்ணோ, அவ்வினை சொல்லாது. 'அவிழ்க்கிறான்' என்பதற்கும் 'அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்' என்பதற்கும் வடிவம் ஒன்றே.

வாய்பாடு மனத்தில் பதிந்தபின் ஓர் ஐயம் எழுகிறது. 'கட்டுகிறான்', 'காண்கிறான்' இரண்டும் நிகழ்காலமே. இரண்டும் ஒரு தன்மையனவா? அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) தம் 'மெட்டாஃபிசிக்ஸ்' ஒன்பதாம் பகுதியில், நிகழ்கால வினையை அருகில் நிறைவுற்ற வினையோடு வைத்து இதனை ஆராய்கிறார். வீடு கட்டுகிறவன் இன்னும் கட்டி முடித்தவனல்லன். கற்கிறவன் கற்று முடித்தவனல்லன். காண்கிறவனோ காணும்போதே கண்டவனுமாகிறான். முன்னதை 'கினேசிஸ்', அஃதாவது இயக்கம் என்றார். பின்னதை 'எனெர்கேயா' என்றார். தன்னிலேயே நிறைவுடைய செயல் என இதனைக் கொள்ளலாம். நன்கு வாழ்தலை அவர் வைத்தது இரண்டாம் வகையில்.

இங்கு நாம் நம்மை நோக்காதிருக்க இயலவில்லை. தில்லிக்கு வந்த நாள்தொட்டு, ஓய்வு பெற்றபின் ஊரில் போய் வாழலாம் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். நல்ல பாத்திரங்கள் பெட்டியில் உறங்குகின்றன. அரசுக் குடியிருப்பின் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்குகிறோம். எதிர்வீட்டாரின் மொழி இருபது ஆண்டாகியும் கடைத்தெருவுக்கு வேண்டிய அளவே வருகிறது. வாழ்தலையும் வீடு கட்டுதல் போலக் கருதிவிட்டோம்.

தங்கையின் திருமணத்துக்காகவும் மகனின் படிப்புக்காகவும் தன் இன்பத்தைத் தள்ளிவைத்தவன் வாழாதவனா என்று வினவலாம். அல்லன் என்றே நாம் கருதுகிறோம். அன்பு செய்கிறவன் அப்பொழுதே அன்பு செய்தவனுமாவான். திருமணநாள் வரை அது காத்திருப்பதில்லை. ஆனால் கடமைகள் தீர்ந்தபின்னும் தள்ளிவைத்தல் மட்டும் வழக்கமாக எஞ்சிவிடுவதுண்டு. இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. ஊருக்கு அனுப்பும் ஒரே தொகையில் அன்பும் இருக்கலாம். இங்கே வாழ அஞ்சுதலும் இருக்கலாம். எது எவ்வளவென்று அனுப்புகிறவனுக்கே தெரியாது.

கிரேக்கத்தில் 'வாழ்கிறேன்' என்பதற்குச் சொல் 'ஸோ'. உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து சுருங்கும் வினை அது. அவ்வகையிலும் சற்று மாறுபட்டது. ஆதலின் தொடக்கநிலைப் பாடநூல்கள் பலவும், 'லூஓ' முதலியன நன்கு மனப்பாடமான பின்னரே அதனைக் கற்பிக்கின்றன.