மீண்டு வந்தது அதே கோப்பா?

அழிந்துபோன கோப்பை நகலிலிருந்து மீட்டால், வந்திருப்பது பழைய கோப்பா, அதைப் போன்ற வேறொன்றா? மெயின்ஃபிரேமுக்குக் கோப்பு வாரியான பேக்கப் மென்பொருள் தேடுகிறவர்கள் விலையையும் வேகத்தையும் ஒப்பிடும்போதே இதற்கு ஏதோ ஒரு பதிலை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள், தெரியாமலே. கோப்பை அதே கோப்பாக்குவது வட்டில் அது கிடந்த இடம் அல்ல. அதன் பெயரும், பிற கோப்புகளோடு அதற்குள்ள உறவும், மூலத்திலிருந்து அறுபடாமல் வரும் காரணத்தொடரும்தான் என்பது என் கட்சி.

சான்று ஐபிஎம் மெயின்ஃபிரேமிலேயே இருக்கிறது. அங்கே கோப்புக்கு டேட்டா செட் என்று பெயர். இசட்/ஓஎஸ் இயங்குதளத்தின் நகல் கருவியான டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் இரு விதமாக நகலெடுக்கும். ஒன்று, வட்டின் தடங்களான டிராக்குகளை இருந்தபடியே அள்ளுவது. அதை அதே வகை வட்டில்தான் இறக்கலாம். மற்றது, டேட்டா செட்டை இனங்கண்டு எடுப்பது. பழைய 3380 வட்டின் டிராக்கில் 47,476 பைட் கொள்ளும், 3390இல் 56,664. இரண்டாம் வழியில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது பதிவுகள் இடம் மாறிவிடுகின்றன. சம்பளப் பட்டியல் போடும் நிரலோ வித்தியாசம் தெரியாமல் ஓடுகிறது. போதாக்குறைக்கு, இயங்குதளம் இன்று 3390 என்று நம்புவதே 3390 அல்ல; புதிய சேமிப்புக் கருவிகள் போடும் வேடம் அது. ஒரே பெயரில் இரண்டு டேட்டா செட்கள் இரு வட்டுகளில் இருக்கலாம். எந்தப் பெயர் எந்த வட்டில் என்று குறித்துவைக்கும் கேட்டலாக் சுட்டுவது ஒன்றைத்தான். மற்றது பைட்டுக்குப் பைட் சரியாக இருந்தும், பெயர் சொல்லித் தேடும் நிரலுக்கு அது இல்லாத பொருள்.

அப்படியானால் அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தாலும் போதுமா என்று கேட்கலாம். மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி, தேர் என்பது அச்சிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை, வழக்குப் பெயர் மட்டுமே என்கிறார். ஆனால் பௌத்தர்கள் அதோடு நிற்கவில்லை. முன்கணம் பின்கணத்துக்குக் காரணமாகும் சந்தானத்தையும் சேர்த்தே பேசினார்கள். வெற்றுக் கோப்புக்குப் பெயர் உண்டு, சந்தானம் இல்லை. முழு வட்டையும் நகலெடுத்தால் எது முக்கியம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. கணினி மையமே போய்விட்டால் அதுதான் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நிரல்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக எடுத்த வட்டு நகலில் பாதி பழையதும் பாதி புதியதும் கலந்து கிடக்கலாம். எந்தக் கணத்திலும் இருந்திராத ஒரு நிலையை அது பத்திரமாகக் காக்கிறது.

ஆகவே மென்பொருளிடம் எதை நகலெடுப்பாய் என்று கேட்பதைவிட எந்த உறவுகளோடு திருப்பித் தருவாய் என்று கேட்பதே சரி. கேட்டலாக் பதிவு திரும்புமா? யார் படிக்கலாம் என்ற விதி பெரும்பாலும் கோப்புக்குள் இல்லை, ஆர்ஏசிஎஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தனித் தரவுத்தளத்தில் இருக்கிறது. அது கூடவே வருமா? மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப் மென்பொருளான டிஎஃப்எஸ்எம்எஸ்ஹெச்எஸ்எம் ஒரே ஒரு பிட்டைப் பார்த்து மாற்றத்தை முடிவு செய்கிறது. எழுதுவதற்காகத் திறந்தாலே அந்தப் பிட் ஏறிவிடும், ஓர் எழுத்தும் மாறாவிட்டாலும். மெய்யியலார் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விக்கு இவ்வளவு மலிவான விடை! டிபி2 தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்கு இது எதுவும் போதாது. நேற்றைய அட்டவணைக் கோப்பை மட்டும் மீட்டால் மாற்றங்களைப் பதிந்துவரும் இன்றைய லாகோடு அது பொருந்தாது. அவற்றுக்கு டிபி2வின் காப்பி, ரெகவர் போன்ற, லாகை அறிந்த கருவிகள் வேண்டும். கோப்பு வாரியான பேக்கப் மென்பொருளின் பட்டியலிலிருந்து அவற்றை விலக்கிவிடலாம்.