‘அட்ஜஸ்ட்’ என்னும் சொல்லும் கண்ணோட்ட அறமும்

முன்னுரை

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாக உதகைக்குச் செல்லும் பேருந்துகளில் கன்னடரும் தமிழரும் ஒருங்கே பயணம் செய்கின்றனர். இருவர் இருக்கையில் மூன்றாமவர் அமர வேண்டின், ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பர் கன்னடர். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்பர் தமிழர். இவ்வொரு சொல் ஏற்றுள்ள பொருள்களையும் அவற்றின் அறநிலையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் மாற்றம்

ஆங்கிலத்தில் இச்சொல் கருவி முதலியவற்றைச் சரிசெய்தலையும் சூழலுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளுதலையும் குறிக்கும். நம் வழக்கிலோ பிறருக்காக விட்டுக்கொடுத்தல் என்னும் பொருள் மேலோங்கியது. ‘பண்ணு’ என்பதோடு ‘கொள்’ என்னும் துணைவினை சேர, செயலின் சுமை கேட்போரையே சார்கிறது. கன்னடத்திலும் இதற்கு இனமான ‘கொள்ளு’ சேர்ந்து ‘மாடிக்கொள்ளி’ என வருதல் ஒப்புநோக்கத்தக்கது.

எதனை விட்டுக்கொடுப்பது என்பது தொடரில் இடம்பெறுவதில்லை. ஆதலின் பேருந்து இருக்கைக்குரிய சொல், புகுந்த வீட்டுக்குச் செல்லும் பெண்ணுக்குக் கூறும் அறிவுரையும் ஆயிற்று. திரைத்துறையில் பாலியல் இணக்கத்தைக் குறிக்கும் சொல்லாகவும் இழிந்தது. மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019இல் அறிக்கை அளித்தது. 2024 ஆகஸ்டில் வெளியிடப்பெற்ற அவ்வறிக்கை ‘அட்ஜஸ்ட்மெண்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ ஆகிய சொற்களை இப்பொருளில் பதிவுசெய்துள்ளது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பர். இடக்கரடக்கல் கேட்போரின் நாணத்தைக் காப்பது. இங்கோ சொல் காப்பது இழிசெயலை வேண்டுபவரின் முகத்தையே ஆகும். அத்துறையாரின் குழூஉக்குறியாக நின்று, மறுப்பவரையே இணங்கத் தெரியாதவர் எனப் பழிக்கவும் அது இடந்தருகிறது.

கண்ணோட்டமும் எல்லையும்

அங்ஙனமாயின் விட்டுக்கொடுத்தலே இழிவோ எனின், அன்று. நஞ்சு இடுதலைக் கண்டும் அதனை உண்டு அமைதலை நாகரிகம் எனப் போற்றுகிறது 580ஆம் குறள். நற்றிணை 355ஆம் பாடலிலும் இக்கருத்து உண்டு. ஆங்கு நஞ்சு தருபவர் நட்டோர் ஆவர். முன்னதில் உண்பவரின் அறிவும், பின்னதில் தருபவரோடு உள்ள நட்பும் சுட்டப்பெறுகின்றன. மேலும், தம் கடமைக்குக் கேடு வாராதவாறு கண்ணோட வல்லாரையே 578ஆம் குறள் சிறப்பிக்கிறது. எனவே கண்ணோட்டத்திற்கு எல்லையும் உண்டு என்பது தெளிவு.

முடிவுரை

சொல் ஒன்றே, மறுத்தால் நேரும் இழப்பே வேறுபடுகிறது. பேருந்தில் மறுப்பவர் ஒரு முகச்சுளிப்பைப் பெறுவர். தொழிலிடத்தில் மறுப்பவர் பிழைப்பையே இழக்கக்கூடும். மறுக்க இயலாவிடத்து நிகழ்வது கண்ணோட்டம் அன்று, பணிவிக்கப்படுதலே. நஞ்சன்கூட்டில் கோயில்கொண்ட நஞ்சுண்டேசுவரர் நஞ்சினைத் தாமே விரும்பி ஏற்றார். ஏற்றதனையும் மிடற்றுக்குக் கீழே செல்லவிடவில்லை என்பது புராண மரபு. விரும்பி ஏற்றல், எல்லையில் நிறுத்தல் ஆகிய இவ்விரண்டும் இல்லாத விட்டுக்கொடுத்தலை அறம் எனல் பொருந்தாது.