இலாடம் கழற்றிய குளம்பு

குதிரையின் காலிலிருந்து இரும்பு இலாடத்தைக் கழற்றுவது ஓர் ஒழுக்கவியற் பிரச்சினையாகுமா என மெய்யியல் பயிலும் நண்பரொருவர் என்னை வினவினார். அது கொல்லனுக்கும் மிருக வைத்தியருக்கும் உரிய விடயமன்றோ என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயின், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குதிரை வளர்ப்போரிடையே இது பற்றி நடைபெற்றுவரும் விவாதத்தை வாசித்தபொழுது, அவர்கள் குளம்பைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது புலனாயிற்று. நெடுங்காலம் ஒரு காப்பிலே பழகிவிட்ட உயிரிடமிருந்து, அதன் நன்மையைக் கருதியே எனினும், அக்காப்பை நீக்கும் உரிமை எமக்கு உண்டா என்பதே அவ்விவாதத்தின் அடியிற் கிடக்கும் வினா.

இலாடம் நாம் எண்ணுமளவிற்குத் தொன்மையானதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே குதிரை பேணல் பற்றி நூல் எழுதிய கிரேக்கரான செனபோன், குளம்பு உறுதிபெறும்பொருட்டு முற்றத்திலே கைக்கொள்ளுமளவான உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின்மீது குதிரையை நிற்கச் செய்யுமாறு கூறுகின்றார். இரும்பு அறையுமாறு அவர் கூறவில்லை. உரோமர் வாரினாற் கட்டும் இரும்புப் பாதணியைக் கையாண்டனர். ஆணி அறைந்த இலாடம் ஐரோப்பாவிற் பரவியது இடைக்காலத்திலேதான். கற்பாதையும் பாரமும் ஈரமான தொழுவமும் மிகுந்த விடத்து அது இன்றியமையாததாயிற்று. பின்னர் எவரும் அதுபற்றி வினவவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆங்கிலேய மிருக வைத்தியரான பிரேசி கிளாக், குளம்பு விரிந்து சுருங்கும் இயல்புடையது, அதனை இரும்பினாற் பிணைப்பது அவ்வியல்பைக் கெடுக்கும் என வாதிட்டார். அவர் குரல் அன்று பெரிதாக எடுபடவில்லை. 1980களில் ஐக்கிய அமெரிக்காவிலே இலாடம் அடிக்கும் தொழில் செய்த ஜெய்மி ஜாக்சன் என்பவர், மேற்குப் பாலைநிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, 1992இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அவ்வினாவை மீண்டும் எழுப்பினார்.

குளம்பின் அமைப்பைச் சிறிது கூறாவிடின் பிரச்சினை விளங்காது. குளம்பின் வெளிச்சுவர் எமது நகத்தைப் போன்றது. அதில் உணர்ச்சி நரம்பு இல்லை. எனவே செவ்வனே அறையப்படும் ஆணி வலிப்பதில்லை. அச்சுவரின் உட்புறத்தும் அடிப்பாகத்தின் மேலும் உள்ள இழையங்களோ கூரிய உணர்ச்சி உடையன. அடியின் பின்புறத்தே முக்கோண வடிவில் மீள்தன்மை வாய்ந்த மெத்தை போன்றதொரு பகுதி உண்டு. வெறுங்காலுடன் நடக்கும் குதிரையில் இதுவும் நிலத்தை அழுத்தித் தாக்கத்தின் ஒரு பகுதியைத் தாங்கும். இலாடம் பூட்டியபின் பாரம் பெரும்பாலும் வெளிச்சுவரிலே தங்குகிறது. மெத்தைக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்த உறுப்பு தளர்கிறது. ஆகவே பல்லாண்டு இலாடம் தரித்த குதிரையை ஒருநாள் வெறுங்காலுடன் சரளைக் கல்லிலே விட்டால் அது நொண்டும். அந்நொண்டலைக் கண்ட உரிமையாளர், “பாருங்கள், இதற்கு இலாடமின்றி நடக்க இயலாது” என்பார்.

இவ்வாதம் நாம் வேறிடத்திலும் கேட்டதன்றோ? அடிமைகளை விடுவித்தலாகாது, அவர்கள் விடுதலைக்கு இன்னும் பக்குவமடையவில்லை என்றனர். குடியேற்ற நாடுகளைப் பற்றியும் அதுவே கூறப்பட்டது. 1793இல் வெளிவந்த, சமயம் பற்றிய தமது நூலிலே இம்மானுவேல் கான்ற் இதற்கு விடை இறுத்துள்ளார். விடுதலை பெறாத ஒருவன் விடுதலைக்குப் பக்குவமடைதல் இயலாது. முதல் அடிகள் தடுமாறும், ஆயினும் அத்தடுமாற்றத்தினூடாகவே பக்குவம் பிறக்கும் என்பது அவர் கூற்றின் சாரம். குளம்பைப் பொறுத்தவரை இஃது உவமையன்று, சொல்லுக்குச் சொல் உண்மை. நிலத்தைத் தொடாத பாதம் நிலத்துக்குப் பழகுவதில்லை.

இவ்விடத்தில் நான் சில நாட்கள் தேங்கி நின்றேன். கான்ற் கூறுவதைக் குதிரைக்கும் பொருத்திக் கட்டுரையை முடித்துவிடலாம் போலத் தோன்றியது. ஆனால் ஒரு வேறுபாடு உறுத்திக்கொண்டே இருந்தது. அடிமை விடுதலையைத் தானே வேண்டினான். தடுமாறி விழுந்தபொழுது தான் வேண்டியதற்காகவே விழுந்தான். குதிரை எதனையும் வேண்டவில்லை. இலாடத்தை அறைந்ததும் நாமே, கழற்றுவதும் நாமே. தீர்மானம் எம்முடையது, நோவு அதனுடையது. குழந்தைக்குக் கசப்பு மருந்து ஊட்டும் தாயை ஒப்புக்காட்டலாமெனில், குழந்தை வளர்ந்து ஒருநாள் தாயின் செயலை ஒப்பவோ மறுக்கவோ கூடும். குதிரைக்கு அந்த நாள் வருவதேயில்லை. பின்னாளில் ஒப்புதல் கிட்டும் என்ற நம்பிக்கையிலே கடன்வாங்கி இன்று வலியைக் கொடுக்கும் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது.

இயற்கையைத் துணைக்கழைப்போர் உளர். குதிரை இலாடத்துடன் பிறக்கவில்லை, எனவே இலாடம் தீது என்பர். யோன் ஸ்ருவாட் மில் மறைந்தபின் 1874இல் வெளியான ‘இயற்கை’ என்னும் கட்டுரையை வாசித்தோர்க்கு இவ்வாதத்தின் வறுமை தெரியும். இயற்கையிலே நிகழ்வது என்பதனால் மட்டும் ஒன்று நன்மையாகிவிடாது. அதற்குச் சான்று தேடி மேலைநாடு செல்லவேண்டியதில்லை. எமது நெடுந்தீவிலே, ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகள் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்று அவற்றைக் கண்டிருக்கின்றேன். முருகைக்கல் செறிந்த அந்நிலத்தில் இலாடமின்றி அவை ஓடுவதைக் கண்டபொழுது எனக்கும் மெய் சிலிர்த்தது. ஆயின் கடும் வரட்சிக் காலங்களில் நீரின்றி அக்குதிரைகள் மடிந்த செய்தியும் பத்திரிகைகளில் வந்ததுண்டு. அங்கு நாம் காணும் உறுதியான குளம்பு, பிறந்த நாள்முதல் கல்லிலே நடந்தவற்றின் குளம்பு. அதனோடு, எஞ்சியவற்றின் குளம்பு. நொண்டியவை எம் கண்ணிற் படுமளவிற்கு வாழ்ந்திருக்கமாட்டா. தொழுவத்திலே நின்று தானியம் உண்டு வளர்ந்த பத்து வயதுக் குதிரைக்கு அவற்றை முன்மாதிரியாகக் காட்டுவது நேர்மையன்று.

இனி, இலாடம் கழற்றுதலை ஒழுங்காகச் செய்வோர் எவ்வாறு செய்கின்றனர் என்பதையும் பார்க்கவேண்டும். மடிக்கப்பட்ட ஆணி முனைகளை அரத்தினால் தேய்த்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சுவரின் விளிம்பை வெடிக்காவண்ணம் உருட்டி விடுகின்றனர். முதற்கிழமைகளில் மென்மையான நிலமே. பின்னர் சிறிது சிறிதாகக் கடினமான நிலம். கல்வழியே செல்ல நேர்ந்தால் கழற்றி மாட்டக்கூடிய றப்பர்ப் பாதணி பூட்டப்படும். சில கிழமைகளுக்கொருமுறை குளம்பைச் சீவிச் சமன்செய்வர். மாச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த தீனைக் குறைப்பர். அவை மிகுந்தால் குளம்பின் உள்ளிழையங்கள் அழற்சியுறும். குளம்பு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீற்றர்தான் வளர்கிறது. முன்புறச் சுவர் மேலிருந்து கீழ்வரை புதிதாவதற்கு ஓராண்டளவு செல்லும். எந்தச் சித்தாந்தத்தினாலும் அந்த ஓராண்டை ஆறு கிழமையாக்க முடியாது.

இச்செய்தியிலேதான் எனக்கு விடையின் ஒரு பகுதி கிடைத்தது. மாற்றத்தின்போது எழும் நோவிலே பெரும்பகுதி மாற்றத்துக்கு உரியதன்று. அது எமது அவசரத்துக்கு உரியது. பாதணிக்குச் செலவிட மனமின்மை, சவாரியை ஒத்திவைக்க விரும்பாமை, தன் கொள்கை விரைந்து மெய்ப்படவேண்டுமென்ற ஆவல் ஆகிய இவற்றின் விலையைக் குதிரை தன் பாதத்தாற் செலுத்துகிறது. “நொண்டுவது குணமாவதன் அறிகுறி” என்று கூறுவோரை நான் அஞ்சுகின்றேன். அவ்வாறு கூறியபின் எந்த நோவும் அவர்களைத் திருத்தாது. சமூக மாற்றம் பற்றிப் பேசும் எமது நண்பர் சிலரும், பிறர் பாதத்திலே நிகழும் நோவை இவ்வளவு எளிதாகவே விளங்கிக்கொள்கின்றனர். அது வேறு கட்டுரைக்குரியது.

குதிரை வாய்பேசாதது என்பதும் முழு உண்மையன்று. இரையாகும் விலங்கினமாதலின் அது நோவை மறைக்க முயலும். ஆயினும் நடையின் எட்டுக் குறுகும், பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும், குளம்பிலே சூடு காணும். குதிரையின் முகத்திலிருந்து நோவை அளவிடும் முறையொன்றை 2014இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பின்னோக்கி இறுகிய காது, கண்ணைச் சுற்றிய இறுக்கம், விறைத்த தாடைத் தசை முதலியன அதில் எண்ணப்படுகின்றன. இவற்றை வாசிக்கத் தெரிந்தவனுக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு மறுப்போ இசைவோ கிடைத்துக்கொண்டேயிருக்கிறது. ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் ஒப்புதலன்று அது. நாளை மீளப் பெறப்படக்கூடியது. இலாடத்தை மீண்டும் பூட்டவும் ஆயத்தமாயுள்ளவனே அதனைக் கழற்றத் தகுந்தவன் என நான் கருதுவது இதனாலேயே. நோயுற்ற குளம்புக்கு இலாடமே மருந்தாகும் சந்தர்ப்பங்களும் உள.

வெறுங்காற் குதிரையால் கடும் உழைப்பு இயலாது என்ற எண்ணத்தை 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக் போட்டி பெரிதும் அசைத்துவிட்டது. தடைதாண்டும் குழுப்போட்டியில் தங்கம் வென்ற சுவீடன் அணியிலே ஓல் இன், கிங் எட்வேட் என்னும் குதிரைகள் இலாடமின்றியே ஓடின. இதனைச் சிலர் விடுதலையின் வெற்றி எனக் கொண்டாடினர். அக்குதிரைகளின் முதுகிலே அன்றும் மனிதர் அமர்ந்திருந்தனர். வாயிலே கடிவாளம் இருந்தது. தடைகளை வைத்தவரும் மனிதரே.

என் நண்பரிடம் இவ்வளவையும் கூறினேன். சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியாயின் அதன்மீது ஏறுவதற்கு எமக்கு உரிமை உண்டா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு என்னிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. நெடுந்தீவிலே அன்று மாலை, நீர்த்தொட்டியண்டை நின்ற குதிரையொன்று எம்மைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, நாம் அகலும்வரை குடியாமல் நின்றதை மட்டும் அவரிடம் சொன்னேன்.