கருவியும் கர்த்தாவும்

ஒரு செயல் நிறைவேறும்பொழுது அதற்குரிய பெருமையும் பழியும் செய்தவனை மட்டும் சாருமா, அவன் கையிலிருந்த கருவியையும் சாருமா என்ற வினா, மனிதன் முதன்முதலாகக் கல்லைத் தீட்டிக் கையில் ஏந்திய காலந்தொட்டு அவனைத் தொடர்ந்து வருகிறதென்று சொல்லலாம். கருவி வெறும் ஜடம், அதற்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, எல்லாம் கர்த்தாவின் சித்தத்தையே பொறுத்தது என்பது ஒரு கட்சி. கருவியே மனிதனை உருவாக்குகிறது, வாளை ஏந்தியவன் கை நாளடைவில் வெட்டவே துடிக்கும் என்பது மறுகட்சி. சைவ சித்தாந்திகள் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, ஒவ்வொரு காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றை வகுத்து, குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று விளக்கினார்கள். திரிகை தானாகக் குடம் வனையாது. எனினும் திரிகையின்றிக் குடம் உருப்பெறாது. இந்தப் பாகுபாட்டின் உண்மையை, அது மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் ஓரிடத்தில் வைத்து ஆராய விரும்புகிறேன். கைத்துப்பாக்கி ஏந்திப் போட்டியிடுவோரின் களமே அந்த இடம். உயிரைப் போக்குவதற்கென்றே பிறந்த ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் தர்மம் என்று ஒன்று உண்டானால், வேறெந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் அது இருந்தே தீரும்.

‘நடைமுறைச் சுடுதல்’ என்று வழங்கும் இந்தப் போட்டி, அசையாமல் ஒரே இடத்தில் நின்று தொலைவிலுள்ள வட்டப் பலகையைக் குறிபார்க்கும் ஒலிம்பிக் போட்டியினின்று வேறுபட்டது. இதில் வீரன் ஓடுகிறான், குனிகிறான், தடுப்புகளின் இடுக்கு வழியே பார்க்கிறான். அண்மையிலும் தொலைவிலுமாகப் பரப்பி வைத்த இலக்குகளைத் தானே வகுத்துக்கொண்ட வரிசையில் சுடுகிறான். 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாயிருந்த ஜெப் கூப்பர் என்பவர், கலிபோர்னியாவின் பிக் பேர் என்னும் மலையூரில் நடத்திய பந்தயங்களில் இதன் வித்து விழுந்தது. அக்காலத்தில் வேகமே வெற்றி என்று கருதிய பலரும், துப்பாக்கியை உறையிலிருந்து உருவிய கையோடு இடுப்பருகே வைத்தே ஒற்றைக் கையால் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் காவல் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் மட்டும், தமது ரிவால்வரை இரு கைகளாலும் பற்றிக் கண்ணின் மட்டத்துக்கு உயர்த்தி, குறிமுனையைப் பார்த்துச் சுட்டார். அதற்குச் சிறிது பொழுது கூடுதலாகச் செலவாயிற்று. ஆனால் வென்றவர் அவரே. பதற்றத்தைவிடப் பார்வை விரைவானது என்ற அந்தக் கண்டுபிடிப்பில், புதிய கருவி எதுவும் இல்லை. கையிலிருந்த கருவியைக் கர்த்தா முதல்முறையாக முழுவதும் பயன்படுத்தினார் என்பதே அதன் தாத்பரியம்.

1976 மே மாதத்தில் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் பல நாட்டாரும் கூடி, இப்போட்டிக்கென ஐ.பி.எஸ்.சி. என்னும் சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவி, கூப்பரையே அதன் முதல் தலைவராக்கினார்கள். துல்லியம், ஆற்றல், வேகம் என்ற மூன்றையும் குறிக்கும் லத்தீன் சொற்களே அதன் குறிக்கோள் வாசகம். இம்மூன்றில் எதுவும் தனியாக வெல்லக்கூடாது, மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நியதி. ஒருவன் பெற்ற புள்ளிகளை அவன் எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து வரும் ஈவே அவனுடைய தகுதி. 60 புள்ளிகளை 6 விநாடியில் பெற்றவனுக்கு ஈவு 10. மூன்று புள்ளிகளை இழந்து 57 பெற்றாலும் 5 விநாடியில் முடித்தவனுக்கு 11.4. ஆனால் விரைவின் மயக்கத்தில் ஓர் இலக்கை அடியோடு தவறவிட்டால் 10 புள்ளி கழிந்துவிடும். நிதானம் சோம்பலாகிவிடாமலும் விரைவு அவிவேகமாகிவிடாமலும் மனிதனை நடுவழியில் நிறுத்தும் இந்தக் கணக்கை, நீதிநூல் வகுத்த பெரியோர்களும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை இங்கேதான் எழுகிறது. குண்டின் எடையைக் கிரெயின் கணக்கிலும், அது பாயும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஆற்றல் எண். துப்பாக்கியின் வகைக்கேற்ப வகுத்த எல்லாப் பிரிவுகளிலும் அது குறைந்தது 125 இருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் என்னும் பிரிவில் 170-ஐ எட்டினால் அதை மேல்தர ஆற்றலாகக் கொள்கிறார்கள். 124 கிரெயின் எடையுள்ள 9 மில்லிமீட்டர் குண்டு 1,050 அடி வேகத்தில் சென்றால் எண் 130.2, 180 கிரெயின் எடையுள்ள 40 காலிபர் குண்டு 960 அடி வேகத்தில் சென்றால் 172.8. இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளியே. அதைச் சூழ்ந்த பகுதியில் மேல்தரத்தானுக்கு 4, கீழ்த்தரத்தானுக்கு 3. ஓரத்தில் முன்னவனுக்கு 2, பின்னவனுக்கு 1. பன்னிரண்டு குண்டுகளில் எட்டு நடுவிலும் மூன்று அடுத்த பகுதியிலும் ஒன்று ஓரத்திலும் பட்டால், வலிய தோட்டாவுக்கு 54, எளிய தோட்டாவுக்கு 50. வலிய தோட்டாவைத் தேர்ந்தவன் ஒவ்வொரு முறையும் கையில் கனத்த அதிர்வைத் தாங்குகிறான். அதற்கு ஈடாக அவனுடைய சிறு பிழைகள் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. எளிய தோட்டாவைத் தேர்ந்தவனுக்கு உடல் வருத்தம் குறைவு. ஆனால் பிழைக்கு மன்னிப்பும் குறைவு. எந்தச் சுமையும் இன்றி எல்லாப் பலனையும் பெறும் வழி இந்த விதியில் இல்லை. எந்தச் சுமையை விரும்பி ஏற்கிறாய் என்பதே அது ஒவ்வொருவனையும் கேட்கும் கேள்வி.

பெரிய போட்டிகளில் வீரன் கொண்டுவந்த தோட்டாக்களிலிருந்தே சிலவற்றை நடுவர்கள் எடுத்து, வேகமானியின் முன் சுட்டு, ஒரு குண்டைக் கழற்றித் தராசில் நிறுத்துச் சோதிக்கிறார்கள். 170 தேறாவிட்டால் புள்ளிகள் கீழ்த்தரக் கணக்குக்கு இறங்கும்; 125-ம் தேறாவிட்டால் அவன் தொடர்ந்து சுடலாம், ஆனால் அவன் சுட்டது கணக்கில் ஏறாது. அதிர்வைச் சிறிதளவேனும் குறைக்க விரும்பி, 125-ஐத் தொட்டும் தொடாமலும் வெடிமருந்தை நிறுத்துப் போடுகிறவர்கள் உண்டு. குளிர் மிகுந்த காலையில் மருந்து சற்று மந்தமாக எரியலாம். ஒரே அளவுள்ள இரு குழல்களில் ஒரே தோட்டா இருவேறு வேகங்களைக் காட்டலாம். அப்பொழுது விளிம்பில் நின்றவன் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறான். தன் துப்பாக்கியிலேயே பல நாள் சோதித்து, எல்லைக்கு மேலே சில எண்களை இடைவெளியாக விட்டுவைக்கிறவனே விவேகி. சட்டத்தின் ஓரத்தில் நடப்பதைச் சாமர்த்தியமென்று கருதும் உலகத்துக்கு, இந்தச் சிறு இடைவெளி ஒரு பெரிய உபதேசம். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வோனுக்கு வேறொரு பொறுப்பும் உண்டு: ஒரு தோட்டாக் கூட்டில் மருந்து இரட்டிப்பாக விழுந்தால் துப்பாக்கியே வெடித்துவிடக்கூடும், மருந்து விழாமலே போனால் குண்டு குழலில் சிக்கி, அதை அறியாமல் அடுத்ததைச் சுடும்பொழுது அதே ஆபத்து நேரும். ஆயிரம் கூடுகளில் ஒன்றிலும் கவனம் பிசகாதிருப்பதை ஏகாக்ரம் என்றழைப்பதில் தவறில்லை.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தத் தர்மமே தொடர்கிறது. கடைகளில் விற்பனைக்கு வரும் பொதுவான துப்பாக்கிகளுக்குரிய ப்ரொடக்ஷன் பிரிவில், செக்கோஸ்லோவாக்கியாவில் தோன்றிய சீஸெட் 75 வழிவந்த எஃகுத் துப்பாக்கியை விரும்புவோர் பலர். ஆஸ்திரியாவின் கிளாக் 17 போன்ற இலேசான பிளாஸ்டிக் உடலுள்ளதை விரும்புவோரும் உண்டு. கனமான துப்பாக்கி சுடும்பொழுது குறைவாகத் துள்ளும். இலேசானது ஓர் இலக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து திரும்பும். இவற்றில் எது சிறந்தது என்று கேட்பது, கை யாருடையது என்பதை மறந்து கேட்பதாகும். பிடியை முழுவதும் பற்றியபின் சுட்டுவிரல் நுனி விசையின் மேல் இயல்பாகப் படிகிறதா, கண்ணை மூடித் துப்பாக்கியை உயர்த்தித் திறந்து பார்த்தால் முன்குறியும் பின்குறியும் ஏறத்தாழ நேராக நிற்கின்றனவா, விரலால் விசையை இழுக்கும்பொழுது முன்குறி அசையாதிருக்கிறதா என்பவையே நல்லாசிரியர்கள் சொல்லும் பரீட்சைகள். வெற்றி பெற்றவனின் துப்பாக்கியை வாங்கிவிடலாம். அவனுடைய உள்ளங்கையை வாங்க முடியாது.

ஆனால் மனித ஆசை இங்கும் தன் வேலையைக் காட்டியது. 1980-களில் அதிர்வை அடக்கும் ஈடுகட்டிகளைக் குழல்முனையில் பொருத்தியும், பின்னர் ஒளிப்புள்ளி காட்டும் கண்ணாடிகளை மேலே ஏற்றியும், பந்தயத்துக்கன்றி வேறெதற்கும் உதவாத துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கினார்கள். தற்காப்புக்குரிய பயிற்சியாகத் தாம் தொடங்கியது வெறும் பொறிகளின் பந்தயமாகிவிட்டதே என்று கூப்பர் மனம் வருந்தினார். அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. எனினும் அவர் கண்ட விபத்துக்குக் கூட்டமைப்பு பிற்காலத்தில் கண்ட பரிகாரமும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது எந்த ஆசையையும் தடைசெய்யவில்லை. ஒவ்வோர் ஆசைக்கும் ஓர் எல்லையை வகுத்தது. புதுமைகளை விரும்புவோருக்கு ஓப்பன் பிரிவு திறந்து நிற்கிறது. ஸ்டாண்டர்ட் பிரிவிலோ 225, 150, 45 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் துப்பாக்கி அடங்க வேண்டும். ப்ரொடக்ஷன் பிரிவில் குழல் 127 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மகசினில் 15 தோட்டாவுக்கு மேல் நிரப்பக்கூடாது. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் மனிதனுக்குத் தரப்படுகிறது. தீர்மானித்தபின் அந்த வரம்புக்குள் நிற்கும் கடமையும் அவனுடையதாகிறது. வரம்பைப் பிறர் சுமத்தினால் அது கட்டளை. தானே தேர்ந்து ஏற்றால் அதுவே விரதம்.

கருவி முற்றிலும் குற்றமற்ற ஜடம் என்ற கட்சி இக்களத்தில் நிலைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு கணப் பிழையை என்றென்றைக்கும் திருத்த முடியாததாக்கும் சுபாவம் அது. ஆகையால்தான் உறை, துப்பாக்கியை நழுவவிடாமல் இறுகப் பற்றவேண்டும், விசையைக் காக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். நடுவர் ஆணையிட்டாலன்றிக் களத்தில் எவரும் தோட்டாவை இடுவதில்லை. குழலின் முனை குறித்த கோணத்தைத் தாண்டித் திரும்பினாலும், இலக்கைக் குறிபாராமல் நகரும்பொழுது விரல் விசைக்காப்புக்குள் இருந்தாலும், துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும், அவன் எத்தனை முறை உலகப் பட்டம் வென்றவனாயினும் அந்தப் போட்டியிலிருந்து அன்றே நீக்கப்படுவான். இலக்குகளிடையே சுடக்கூடாத இலக்குகளையும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் குண்டு பட்டால் 10 புள்ளி போய்விடும். சுடத் தெரிந்திருப்பது பாதி வித்தை, சுடாதிருக்கத் தெரிந்திருப்பது மறுபாதி என்பதைப் புள்ளிக் கணக்கிலேயே எழுதிவைத்த பந்தயம் இது.

இவ்வளவு சொன்னபின்னும், அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்டவர் ஒருவர், கொலைக்கருவியைக் கொண்டு ஆடும் ஆட்டத்தில் ஆத்ம லாபம் எப்படி விளையும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ள விரும்பவில்லை. முற்காலத்தில் இப்போட்டியின் அட்டை இலக்கு தலையும் உடலுமாக மனித வடிவை ஒத்திருந்தது; பின்னர், அவ்வடிவைச் சுடுவது பல நாட்டு மக்களின் மனச்சாட்சியை உறுத்துவதை உணர்ந்து, தலையில்லாத பலகோண வடிவத்தைக் கைக்கொண்டார்கள். இதைச் சிலர் வேஷமாற்றம் என்று கூறலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கலையைப் பயில்வோர் தாங்கள் எதை நோக்கிக் கருவியை நீட்டுகிறோம் என்று தங்களையே கேட்டுக்கொண்டு, அதற்கு விடையாகத் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொள்வது தர்ம விசாரத்தின் அடையாளம். மாற்றத்தால் கருவியின் வலிமை அணுவளவும் குறையவில்லை. கர்த்தாவின் சங்கற்பம் மாறிற்று. ஹிம்சை எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதற்கு இது முழு விடையாகாது. எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதைக் காட்டும்.

பிரையன் ஈனோஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் 1990-இல் வெளியிட்ட நூலில், துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதற்குக் குறையாமல், சுடுகிறவன் அந்தக் கணத்தில் எதைக் காண்கிறான் என்ற விழிப்பைப் பற்றியும் விரித்துரைத்தார். அந்த விழிப்புக்கு வழிசெய்வதே கருவித் தேர்வின் முடிந்த பயன் என்று நான் கருதுகிறேன். கைக்கு அமையாத பிடியும், சோதிக்காத தோட்டாவும், தளர்ந்த உறையும் உள்ளவரையில், தவறு நேர்ந்தவுடன் மனம் வெளியே ஒரு குற்றவாளியைத் தேடி ஓடும். கைக்குப் பொருந்திய துப்பாக்கியை எடுத்து, அதற்கு உகந்த தோட்டாவை அளந்து தேறி, உறையையும் கச்சையையும் உறுதிசெய்து, தேர்ந்ததை அடிக்கடி மாற்றாமல் பழகி, எஞ்சிய பொருளையும் காலத்தையும் பயிற்சியில் செலவிட்டவனுக்கு அந்தப் புகலிடம் இல்லை. திரிகையும் தண்டும் செம்மையானபின் குடம் கோணினால், குயவன் தன்னையன்றி வேறு யாரை நோவான்? கருவியைச் செம்மையாகத் தேர்வது வெற்றியை விலைக்கு வாங்கும் உபாயம் அன்று. சாக்குப்போக்குகளை ஒவ்வொன்றாகக் களைந்து, செயலின் முழுப் பொறுப்பையும் தன்மேலே ஏற்றுக்கொள்ளும் ஆயத்தம் அது. அந்தப் பொறுப்பை ஏற்கத் துணியாதவன் எந்த ஆயுதத்தையும் தொடலாகாது. ஏற்கத் துணிந்தவன், துப்பாக்கியை எடுப்பினும் எழுதுகோலை எடுப்பினும், கர்த்தா என்னும் பெயருக்குத் தகுதியுடையவனாகிறான்.