தானே சூட்டிக்கொண்ட முகவரி

ஆன்மா தன்னை இன்னதென்று தானே நிர்ணயித்துக்கொள்ளும் ஸ்வதந்திரம் உடையதா, அன்றித் தனக்குரிய இடத்தைப் பிறிதொன்றிடமிருந்து பெற்ற பின்னரே உலக விவகாரத்தில் இறங்க வல்லதா என்னும் வினா, சைவ சித்தாந்தம் பயின்றவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் அவ்வினாவின் முழுக் கனத்தையும் எனக்கு உணர்த்தியது, பொம்மையார்பாளையத்தில் ஒரு வீட்டு மேசைமேல் இருந்த சிறிய பிரிண்டர் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்துள்ள இந்தக் கடற்கரை ஊரில், எந்த மின்சாதனம் பழுதுபட்டாலும் பழி முதலில் உப்புக்காற்றின் மேல்தான் விழும். கம்பியையும் ஆணியையும் அது அரிப்பது கண்கூடாகையால் அந்தப் பழி பெரும்பாலும் நியாயமானதே. மாசிமகத்துக்கு வரும் உறவினர்களுக்கு இடம் வேண்டுமென்று அணைத்துப் பரணில் ஏற்றியிருந்த பிரிண்டரை, அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் இறக்கி வைத்தபோது, வைஃபை விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் வீட்டிலிருந்த எந்தக் கைப்பேசிக்கும் அது அகப்படவில்லை. பொத்தானை அழுத்தி, அதன் நிலையை அதனிடமே அச்சிட்டு வாங்கிப் பார்த்தால், ஐ.பி. முகவரி என்ற வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது, கைப்பேசிகளுக்கோ 192.168.1 என்று தொடங்கும் எண்கள். ஒரே அறையில், ஒரே அலைவரிசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவை ஒன்றையொன்று அறியாதிருந்தன. கோளாறு உப்புக்காற்றில் இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெளிவாகிவிட்டது.

1997ஆம் ஆண்டில் இன்றுள்ள வடிவில் வகுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்னும் நெறியின்படி, வலையில் புதிதாகச் சேரும் சாதனம் தனக்கென முகவரி எதுவும் இல்லாமையால், 0.0.0.0 என்னும் வெறுமையிலிருந்து, கொடுப்பவர் இன்னார் என்று அறியாமலே, எல்லாரையும் நோக்கி 'எனக்கு ஓர் இடம் வேண்டும்' என்று விளிக்கிறது. ரூட்டர் ஓர் எண்ணைக் காட்டுகிறது. சாதனம் அதையே வேண்டுகிறது. ரூட்டர் உறுதி செய்கிறது. எண்ணோடு கூடவே, அது உலவத்தக்க எல்லையும், வெளியே செல்லும் வாயிலும், பிறர் பெயரைச் சொன்னால் அவர் இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் துணையும் வழங்கப்படுகின்றன. இவையனைத்தும் குத்தகைக்கே; காலத்தில் பாதி கழிந்ததும் சாதனம் மீண்டும் ஒருமுறை கேட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டும் விடை வராவிட்டால்? 2005இல் வகுத்த மற்றொரு விதி அதற்கும் வழி சொல்கிறது: சாதனம் 169.254 என்னும் வரிசையில் ஓர் எண்ணைத் தானே பொறுக்கி, 'இது வேறெவருடையதாவது உண்டா' என்று சுற்றிலும் வினவி, மறுப்பவர் இல்லையெனில் அதையே சூட்டிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை நான் இகழமாட்டேன்; ரூட்டரே இல்லாத இடத்தில் இரண்டு கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள அது பேருதவி. ஆனால் அந்த எண்ணோடு வாயில் எதுவும் வருவதில்லை. முகவரி உண்டு, போக்கிடம் இல்லை.

சித்தாந்திகள் ஆணவம் என்று வழங்கும் மலத்தின் இயல்பை இதைவிடத் துலக்கமாக நான் எங்கும் கண்டதில்லை. ஆணவம் வெறும் செருக்கன்று; உண்மையை மறைத்து, அந்த மறைப்பையும் உணராதபடி செய்வது அது. தனு, கரணம், புவனம், போகம் (உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி) என்னும் நான்கும் உயிருக்கு இறைவன் கொடுத்தவை என்பது அவர்கள் துணிபு. அவற்றைக் கொடுக்கப்பெற்றவை என்று அறியாது தன்னுடையவை என்றே கொள்ளும் உயிர், பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் நேர்மையாகவே இருக்கிறது. பிரிண்டர் அச்சிட்ட தாளிலும் பொய் ஒன்றும் இல்லையே!

ரூட்டரும் வெளியுலகுக்கான தன் முகவரியை மேலே ஒருவரிடம் வாங்குகிறதே, இவ்வாறு கொடுப்பவரைத் தேடிப் போனால் முடிவுண்டா என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். பதியாகிய இறைவன் அநாதி, பெறுவது பதியின் இயல்பன்று என்று சித்தாந்தம் விடை கூறும். யந்திரங்களின் உவமை அந்த எல்லைவரை நம்மோடு வராது.

பிரிண்டரின் வேண்டுகோளுக்கு விடை வராததன் காரணம் எளியது. பத்து முகவரிகளுக்குமேல் வழங்காதபடி ரூட்டர் வரையறுக்கப்பட்டிருந்தது; முந்தின மாலை புறப்பட்டுப் போன விருந்தினரின் கைப்பேசிகள், வீட்டிலுள்ளவற்றுக்குப் போக எஞ்சிய முகவரிகளைத் தம் பெயரில் இன்னும் வைத்திருந்தன. ஆள் போய்விட்டார், குத்தகை தீரவில்லை. பரணில் உறங்கிய பிரிண்டரின் பழைய குத்தகையோ என்றோ தீர்ந்திருந்தது. வரம்பை விரித்து, பிரிண்டரை அணைத்து மீண்டும் இயக்கியதும், அது 192.168.1 வரிசையில் இடம் பெற்றது.

கேட்டுப் பெறும் இந்த முறைமைக்கு இவ்வூரிலேயே மற்றொரு சான்றும் உண்டு. இதே ஊரை இடமாகக் கொண்ட பொம்மபுர ஆதீனம் வீரசைவ மடம். மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலிக்கும் அம்மடத்தின் தலைவர்கள் பட்டந்தோறும் சிவஞான பாலய சுவாமிகள் என்னும் ஒரே திருநாமத்தைத் தாங்கி வருகின்றனர். 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பாடிப் பரவியதும் அப்பெயருடையவரையே. தாங்குபவர் மாறுவர், பெயர் நிற்கும். வீரசைவ சம்பிரதாயத்தில் இஷ்டலிங்கத்தை எவரும் தாமே எடுத்து அணிந்துகொள்வதில்லை. குருவின் கையிலிருந்து பெற்றே அணிவர். கல் எங்கும் கிடைக்கும். அதைப் பெறும் முறையே பெறுபவனை ஒரு பரம்பரையோடு பிணைக்கிறது என்பதை அம்மரபு தெளிவாக உணர்ந்திருக்கிறது.

இனியும் தொல்லை நேராதபடி அவ்வீட்டில் மற்றொன்றும் செய்தோம். ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட பன்னிரண்டு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அதை ரூட்டரில் பதிந்து, ஓர் எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வைத்தோம். இனி அந்த இடம் பிறருக்குப் போகாது. ஆயினும் ஒதுக்கியிருப்பது ரூட்டருக்குத்தான் தெரியும், பிரிண்டருக்குத் தெரியாது. தனக்கென்றே காத்திருக்கும் எண்ணையும் அது கேட்டுத்தான் பெற வேண்டும்.